நிற்காத டோர்ச்: ஒரு மழை இரவின் நிகழ்வு ஆய்வு

டோர்ச் வாங்கப் போனால் எவ்வளவு தூரம் அடிக்கும், பட்டரி எத்தனை மணி நேரம் வரும், தண்ணீர் பட்டால் தாங்குமா என்று கேட்போம். நிமிர்த்தி வைத்தால் நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. 2024 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு, பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடையிலுள்ள தேயிலைத் தோட்டத்தில், எங்கள் அம்மாயியின் லயத்துக் காம்பிராவில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) நடந்த சம்பவத்துக்குப் பிறகு முதலில் கேட்பதே அதைத்தான். அன்று நடந்ததையும், அதற்குப் பின் நாங்கள் அளந்து பார்த்ததையும், மாற்றியதையும் முழுவதுமாக எழுதி வைக்கிறேன்.

அன்று இரவு

ஊவாப் பக்கத்தில் ஐப்பசி மழை மத்தியானம் வரை காட்டிக்கொள்ளாது. 3 மணிக்கு மேல் மலை கறுக்கும், அப்புறம் இடி. அன்று ஏழே முக்கால் அளவில் எங்கேயோ கம்பியில் மரம் விழுந்து கரண்ட் போனது. இஸ்தோப்பில் அடுக்கிய விறகு நனைகிறதென்று அம்மாயி வெளியே போனார். காற்று தூக்கிவந்து போட்ட தகரத் துண்டு ஒன்று படியில் கிடந்திருக்கிறது. வெறுங்காலோடு அதை மிதித்துவிட்டார்.

அம்மாயிக்கு வயது 71. சீனி வருத்தம் 14 வருடமாக உண்டு. "ஏதோ குத்துச்சு அய்யா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அவர் வந்த வழியெல்லாம் சிமெந்துத் தரையில் இரத்தம்.

அம்மாயியைத் தவிர வீட்டில் அம்மா, நான், தங்கச்சியின் 6 வயது மகன், அவ்வளவுதான். மாமா ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, இன்னும் வரவில்லை. காலையிலேயே போனதால் அவருடைய டோர்ச் வாசல் ஆணியில் தொங்கியது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய நாளிலிருந்து, மழைக்காலத்தில் டோர்ச்சும் முக்கியமான பத்திரங்கள் உள்ள பையும் வாசலருகே இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் டோர்ச்சைத் தேட வேண்டியிருக்கவில்லை. கையில் எடுத்த பிறகுதான் சிக்கல்.

அது அலுமினிய டோர்ச். ஒரு சாண் நீளம்கூட இல்லை. பின்பக்கத்தில் ரப்பர் பட்டன், விளிம்பைத் தாண்டி 3 மில்லிமீற்றர் அளவு புடைத்திருக்கும். அம்மாயியைப் பலகைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, டோர்ச்சை மேசையில் நிமிர்த்தி வைத்தேன். பட்டன் மேல் ஆடிச் சாய்ந்து, விழும்போது பட்டன் அமுங்கி அணைந்தும் போனது. மறுபடி போட்டுப் படுக்க வைத்தேன். ஒளி ஒரு தட்டளவு வட்டமாகச் சுவரில் விழுந்தது, காலில் விழவில்லை. காலை அந்த வட்டத்துக்குக் கொண்டுபோக முயன்றபோது மேசை அசைந்தது. உருண்டு கீழே விழுந்தது டோர்ச். கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் தேடி எடுத்தோம்.

"குப்பி லாம்பைக் கொளுத்தவா?" என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த மண்ணெண்ணெய் விளக்கை ஏன் மறுத்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் சின்னவன் பிடித்தான். பாவம், 6 வயது. இரண்டு நிமிடம் நேராகப் பிடித்தான், கை தளர்ந்தது. இடி இடித்தால் ஒளி ஜன்னலுக்குப் போகும். அம்மாயி முனகினால் அவர் முகத்துக்குப் போகும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். அம்மா காலைத் தூக்கிப் பிடித்திருந்தார், அவருடைய இரண்டு கையும் அதிலேயே இருந்தது. இரத்தம் நிற்க வேண்டுமானால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடமாவது கை எடுக்காமல் அழுத்த வேண்டும், ஆக என் இரண்டு கையும் போனது. கடைசியில் டோர்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டேன். வாயில் டோர்ச் இருந்தால் பேச முடியாது. "கொஞ்சம் திருப்புங்க" என்று அம்மாவிடம் சொல்லக்கூட முடியாது. தலை போகும் பக்கம்தான் ஒளி போகும்.

பெருவிரலுக்குக் கீழே 2 அங்குலத்துக்கு ஒரு வெட்டு. கழுவி, அழுத்தி, கட்டினோம். எல்லாம் முடிய 20 நிமிடம்.

மறுநாள் தோட்டத்துப் பாதையில் மண் விழுந்து வாகனம் போகவில்லை. செவ்வாய்க்கிழமைதான் ஏற்பு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே கட்டைப் பிரித்த நர்ஸ் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலின் வெளிப்பக்கத்தில் இரண்டாவது வெட்டு ஒன்று இருந்தது. சிறியதுதான், ஆனால் உள்ளே மண். சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. சீனி வருத்தம் நாள்பட்டவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும், அதனால் அம்மாயிக்கு அந்த இடம் வலிக்கவே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டி, 6 வாரத்தில் ஆறியது. விரல் போகாமல், பாதம் போகாமல் ஆறியதே பெரிய காரியம்.

டோர்ச் மட்டுமா காரணம்?

இல்லை. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாதம் முழுவதையும் கழுவி, முழுவதையும் பார்த்திருக்க வேண்டும். சீனி உள்ளவரின் காலில் வலி இல்லை என்றால் காயம் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் நினைவில் வரவில்லை. மூன்று நாள் தாமதம் ஆனதும் காரணம். ஆனாலும், நான் ஏன் குதிகாலைப் பார்க்கவில்லை என்று அந்த 20 நிமிடத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பார்க்க விரும்பாமல் இல்லை. ஒளி எங்கே விழுந்ததோ அங்கே இருந்த வெட்டை மட்டும் கண்டேன். ஒளி நகர்ந்துகொண்டே இருந்ததால், கிடைத்த அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்றே கை போனது. ஓர் இடத்தில் அசையாமல் நின்று, அகலமாகப் பரவும் வெளிச்சம் அன்று இருந்திருந்தால், கண் தானாகவே குதிகாலுக்குப் போயிருக்கும்.

குப்பி லாம்பு சொன்ன பாடம்

அம்மா குப்பி லாம்பைக் கேட்டதில் நியாயம் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு வைத்த இடத்தில் நிற்கும், சுற்றிலும் வெளிச்சம் தரும், இரண்டு கையும் நமக்குக் கிடைக்கும். ஆனால் அதே அம்மாவின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கியிருக்கும். அவர் 9 வயதில் படித்துக்கொண்டிருந்தபோது விளக்கு சாய்ந்து எண்ணெய் தீப்பிடித்ததால் வந்த தழும்பு. மருந்துப் போத்தலிலும் ஜாம் போத்தலிலும் திரி போட்டுச் செய்யும் அந்த விளக்கு உயரமாக, இலேசாக இருக்கும். மூடி இறுக்கமாக இராது. பூனை தட்டினாலே போதும்.

இலங்கையில் இதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. தீக்காயத்தோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, 1990களின் தொடக்கத்தில் சாயாத விளக்கு ஒன்றை வடிவமைத்தார். குட்டையான, தடித்த கண்ணாடிப் போத்தல், அதற்குத் திருகு மூடி. தப்பித் தவறிச் சாய்ந்தாலும் உருண்டு போகாதபடி இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். குட்டையான மார்மைட் போத்தல்தான் அந்த யோசனைக்கு வித்து. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

எண்ணெய் விளக்குக்கு மட்டும் உரிய விஷயமாக எனக்கு இது படவில்லை. கை வேலையாக இருக்கும்போது எந்த வெளிச்சமும் தானாக நிற்க வேண்டும், சாய்ந்தால் உருளக் கூடாது. அந்த விளக்கை வடிவமைத்தவர் பார்த்த இரண்டையும் மாமாவின் டோர்ச் செய்தவர்கள் பார்க்கவில்லை. டோர்ச் விழுந்தால் நெருப்புப் பிடிக்காது என்பது உண்மை. அதனாலேயே அது விழுவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

எது எவ்வளவு சாய்ந்தால் விழும்

அம்மாயியின் கால் ஆறிய பிறகு, டிசம்பர் விடுமுறையில் லயத்தில் கிடைத்த டோர்ச்சுகளை எல்லாம் சேர்த்தேன். 50 சென்ரிமீற்றர் நீளப் பலகை ஒன்றின் மேல் பழைய சைக்கிள் டியூபை விரித்து ஆணியடித்தோம், டோர்ச் வழுக்காமல் இருக்க. அதன் மேல் டோர்ச்சை நிறுத்தி, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கி, எந்த உயரத்தில் விழுகிறது என்று அடிமட்டத்தால் அளந்தோம். சின்னவன்தான் அடிமட்டம் பிடித்தான்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. அடி எவ்வளவு அகலம், பாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. டோர்ச்சை ஒரு பென்சில் மேல் குறுக்கே வைத்துச் சமன் பார்த்தால் பாரத்தின் நடு தெரியும். அந்த உயரத்தோடு அடியின் பாதி அகலத்தை ஒப்பிட்டால் எவ்வளவு சாய்வைத் தாங்கும் என்று தெரிந்துவிடும்.

பக்கத்துக் காம்பிரா அண்ணனின் சிறிய டோர்ச், ஒற்றை டபிள் ஏ பட்டரி போடுவது, 9 சென்ரிமீற்றர் உயரம். பட்டன் உள்ளே அமிழ்ந்திருக்கும். அடி 18 மில்லிமீற்றர்தான். நிற்கிறது, ஆனால் பலகையை 10 சென்ரிமீற்றர் தூக்கியதும் விழுந்தது. அது ஏறக்குறைய 11 பாகை. பார்க்கப் பரவாயில்லை என்று தோன்றும். உண்மையில் மேசையில் கை பட்டாலே விழுந்துவிடும். அதன் பின்பக்கத் துளையில் கட்டிய கயிறு அடிக்குக் கீழே மாட்டிக்கொண்டால், நிற்கும்போதே சாய்ந்து நிற்கிறது. கயிற்றைப் பக்கவாட்டுக்கு எடுத்துவிட்டே அளந்தோம்.

கங்காணித் தாத்தா வீட்டில் இருந்த பழைய தகர டோர்ச், இரண்டு பெரிய பட்டரி போடுவது, பின்மூடி வளைவாக, அதில் தொங்கவிடும் வளையத்தோடு இருக்கும். அது நிற்கவே இல்லை. அகலமான தலையைக் கீழே வைத்தால் கோயில் தூண் போல நிற்கிறது, ஆனால் அப்போது ஒளி மேசைக்குள் போகிறது.

எல்லாவற்றிலும் நன்றாக நின்றது எங்கள் வீட்டிலேயே அலுமாரிக்கு மேல் கிடந்த பிளாஸ்டிக் சார்ஜ் டோர்ச். 5 சென்ரிமீற்றர் தட்டை அடி. 15 சென்ரிமீற்றர் தூக்கும்வரை அசையவில்லை, 17 பாகைக்கு மேல். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் வாங்கியது. மின்வெட்டு குறைந்ததும் மேலே போட்டுவிட்டோம். உள்ளே இருப்பது ஈய அமில பட்டரி. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் அது செத்துவிடும். செத்துவிட்டது. சம்பவம் நடந்த இரவில் அது அலுமாரி மேலேதான் இருந்தது, எரியாமல்.

கூரையும் பார்க்க வேண்டும்

டோர்ச்சை நிமிர்த்தி வைப்பதன் பயன், ஒளி கூரையில் பட்டுத் திரும்பி அறை முழுவதும் பரவுவது. வெள்ளையடித்த சீலிங் உள்ள வீட்டில் இது அருமையாக வேலை செய்யும். எங்கள் லயத்தில்? நம்பிக்கையோடு செய்து பார்த்தேன், ஏமாற்றமாக இருந்தது.

கரண்டை அணைத்துவிட்டு, அம்மாயியை அதே கட்டிலில் உட்கார வைத்து, அண்ணனின் டோர்ச்சை நடுத் தரையில் நிறுத்தினேன். முன் காம்பிராவில் தகரத்துக்குக் கீழே வெள்ளை உரச் சாக்குகளைத் தைத்துக் கட்டியிருக்கிறோம், தூசியும் குளிரும் இறங்காமல் இருக்க. அங்கே வெளிச்சம் மெத்தென்று இறங்கியது, மருந்துப் பெட்டியில் உள்ள பெரிய எழுத்தைப் படிக்க முடிந்தது. அடுப்படியில் அதே டோர்ச்சை வைத்தபோது, பல வருட விறகுப் புகை படிந்த கறுப்புத் தகரத்தில் ஒரு மங்கல் பொட்டு மட்டும் தெரிந்தது. கரி ஒளியைக் குடித்துவிடுகிறது. கீழே யார் முகமும் தெரியவில்லை.

முன் காம்பிராவிலும் ஒரு குறை இருந்தது. மேலிருந்து வரும் ஒளி பாதத்தின் மேற்பக்கத்தில்தான் விழுகிறது. உள்ளங்காலும் குதிகாலும் நிழலிலேயே இருந்தன. அதாவது, அன்று நிற்கும் டோர்ச் இருந்து, நான் அதைச் சும்மா நிமிர்த்தி மட்டும் வைத்திருந்தால், அந்த இரண்டாவது வெட்டு அப்போதும் என் கண்ணில் பட்டிருக்காது. இதைக் கண்டபோது மனம் கஷ்டப்பட்டது. டோர்ச் நின்றால் போதும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

வழி காட்டியது யோகட் கப். 80 கிராம் வெள்ளைக் கப்பைக் கழுவி, நிற்கும் டோர்ச்சின் தலையில் கவிழ்த்தேன். கப் முழுவதும் ஒளிர்ந்து, எல்லாப் பக்கமும் பரவியது. கறுப்புக் கூரையின் தேவையே இல்லை. தரையில் வைத்தால் பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் உள்ளங்காலில் நேராக விழுகிறது. குதிகாலில் ஆறிய தழும்பை 3 அடி தூரத்திலிருந்தே பார்த்தேன். சாதாரண மெழுகுவர்த்தி ஒன்று எல்லாப் பக்கமும் சேர்த்துத் தரும் ஒளி 12 லூமென் சொச்சம். 100 லூமென் டோர்ச் ஒன்றைக் கப் போட்டு நிறுத்தினால், கப் கொஞ்சம் விழுங்கினாலும், ஆறேழு மெழுகுவர்த்திக்குக் குறையாது. தீப்பற்றும் பயமும் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டோர்ச்சைக் கையில் பிடித்தால் சூட்டைக் கை வாங்கிக்கொள்ளும். தனியாக நிற்கும்போது சூடு உடம்பிலேயே தேங்கும். உச்ச வெளிச்சத்தில் வைத்துக் கப்பைக் கவிழ்த்தால் கப் உருகலாம். குறைந்த வெளிச்சத்திலேயே வைக்க வேண்டும், வீட்டுக்குள் அது போதும்.

மாமாவின் பக்கம்

இதையெல்லாம் சொன்னபோது மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கொழுந்து இரவெல்லாம் வாடும், உருட்டும் வேலை விடியுமுன் தொடங்கும். முறை வந்தால் 2 மணிக்கே அவர் மலை வழியே நடக்க வேண்டும். காட்டுப்பன்றி நிற்கும், சில நேரம் சிறுத்தையும். கை நனைந்து விறைத்திருக்கும். "உள்ளுக்குப் போன பட்டனை எப்படி மாப்ளே அமுக்குறது? தேடிக்கிட்டு நிக்கவா?" என்றார். பட்டன் புடைத்திருப்பது அவருக்காகத்தான். இருட்டில் டோர்ச்சைக் கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாக அதன் மேல் போகும். பக்கவாட்டில் சுவிட்ச் உள்ள டோர்ச் நன்றாக நிற்கும், ஆனால் இருட்டில் உருட்டி உருட்டி சுவிட்சைத் தேட வேண்டும். பட்டனின் இரு பக்கமும் காது போல விளிம்பு உயர்ந்து, மற்ற இரு பக்கமும் திறந்திருக்கும் டோர்ச்சுகள் உண்டு. அவை நிற்கும், விரலும் பக்கத்திலிருந்து உள்ளே போகும். இரண்டு தேவைக்கும் நடுவில் எனக்குப் பிடித்த வடிவம் அதுதான்.

மாமா இன்னொன்றும் கேட்டார்: டோர்ச் எதற்கு நிற்க வேண்டும், பிளேன்டீ கிளாஸுக்குள் போட்டால் நிற்காதா? நிற்கும். செய்து பார்த்தோம், அடியில் துணி திணித்தால் பட்டனும் அமுங்காது. ஆனால் அன்று இரத்தத்தை மிதித்துக்கொண்டு நின்றபோது கிளாஸ் என்ற எண்ணமே எங்கள் மூவரில் யாருக்கும் வரவில்லை. வந்திருந்தாலும், இருந்த ஒரே வெளிச்சத்தோடு ஒருவர் அடுப்படிக்குப் போய்க் கிளாஸ் எடுக்க வேண்டும். பதறும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலையை டோர்ச்சே முன்கூட்டிச் செய்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். நெற்றியில் கட்டும் லைட் நல்லதுதான். ஆனால் அது பார்ப்பவருக்கு மட்டும் வெளிச்சம், அம்மாயியிடம் பேச நிமிர்ந்தால் அவர் கண்ணில் அடிக்கும்.

என் தீர்மானம் இது. நடப்பதற்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தால் அது நிற்காவிட்டாலும் குற்றமில்லை. வீட்டுக்கு ஒரே ஒரு டோர்ச்தான் என்றால் அது நிற்க வேண்டும், தட்டினாலும் நிற்க வேண்டும். 2 சென்ரிமீற்றர் அடியில் நிற்பதை நிற்கும் டோர்ச் என்று சொல்லி விற்பதை நான் ஏற்கமாட்டேன்.

இப்போது வீட்டில்

மாமாவின் டோர்ச்சுக்கு ஒரு பிவிசி பைப் துண்டில் வளையம் செய்தோம். வெளிவிட்டம் 4 சென்ரிமீற்றர், உயரம் 4 சென்ரிமீற்றர். டோர்ச்சின் பின்பக்கத்தைச் சைக்கிள் டியூபால் சுற்றி, வளையத்துக்குள் இறுக்கிச் செருகினால் பட்டன் ஒரு சென்ரிமீற்றர் உள்ளே இருக்கும். கட்டைவிரல் அதற்குள் தாராளமாகப் போகிறது. பலகையில் வைத்தபோது 14 சென்ரிமீற்றர் வரை நின்றது, சார்ஜ் டோர்ச்சுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வேலைக்குப் போகும்போது மாமா வளையத்தைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார்.

அவர் டோர்ச்சோடு போகும் இரவுகளுக்காகப் பண்டாரவளையில் இன்னொன்று வாங்கினேன். கடையிலேயே கண்ணாடி மேசையில் நிறுத்தி, மேசையைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரத் தம்பியும் ஆர்வமாகப் பார்த்தார். தட்டை அடி, அதற்குள் காந்தம். எங்கள் தகரம் இரும்பு என்பதால் அடுப்படித் தகரச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அலுமினியத் தகடும் அஸ்பெஸ்டோஸும் உள்ள வீடுகளில் அது ஒட்டாது.

அதை அம்மா சாமித்தட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார், யோகட் கப்பைத் தலையில் கவிழ்த்தபடியே. மாதம் ஒருமுறை, போயா நாளில், சார்ஜ் போடுவது சின்னவனின் பொறுப்பு. அம்மாயியின் பாதத்தை இரவு படுக்கப் போகுமுன் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வெளிச்சத்தைத் தரையில் வைத்துத்தான் பார்க்கிறோம், குதிகாலிலிருந்து தொடங்கி.